பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயரைப் பவர்டு ஸ்பீக்கரில் பாடவைக்க: முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து இறக்கிய பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டருக்கோ டிவிக்கோ வாங்கிய, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்ட பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் இருக்கிறது. பிளேயரின் ஒயர் நுனியில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின்; ஸ்பீக்கரின் முதுகிலும் அதே சிவப்பு, வெள்ளைத் துளைகள். செருகினால் பாட வேண்டியதுதானே என்று தோன்றும். 1980-களில் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேயரை நானும் அப்படித்தான் செருகினேன். வால்யூமை முழுதாகத் திருப்பியும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்டது. வயலின் மட்டும் கீச்சென்று வந்தது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் டிக் டிக்கென்று விழுந்தன. அடிக்குரல் தரும் இடப்பக்கத் தொப்பி இருக்கிற சுவடே இல்லை.

பிளேயரிலும் ஸ்பீக்கரிலும் கோளாறு எதுவும் இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி இல்லாததுதான் காரணம். அந்தப் பெட்டி உங்களுக்கும் தேவையா, தேவையென்றால் எந்த மாதிரி என்பதைப் பிளேயரின் கார்ட்ரிட்ஜ்தான் முடிவு செய்யும். கார்ட்ரிட்ஜ் என்பது, ரெக்கார்டின் மேல் நகரும் கையின் நுனியில் முள்ளைத் தாங்கியிருக்கும் சிறு கட்டை. அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளும்வரை ஆன்லைனில் எதையும் ஆர்டர் போடாதீர்கள். தெரியாமல் வாங்கியதில் பாதி மூலையில் கிடக்கும்.

கரண்ட் கொடுக்கும் முன்

பிளேயரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையில்லை. சிங்கப்பூர், இலங்கை, துபாய் வழியாக வந்தவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இவற்றை நம் பிளக்கில் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். சிலவற்றில் வோல்டேஜை மாற்ற ஒரு திருகு இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்டெப் டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய ஏசி மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்தே சுற்றுகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை 50-ல் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 28-க்கும் கீழே போய்விடும். இரண்டரைக் கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒரு கட்டையில் பாடுவார். இதற்கு 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டார் அச்சில் உள்ள சிறு சக்கரம்) கிடைத்தால் மாற்றலாம். மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும், குவார்ட்ஸ் கட்டுப்பாட்டோடு வந்த டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கும், டிசி மோட்டார் உள்ளவற்றுக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது, மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட். ரெக்கார்டு வைக்கும் வட்டத்தட்டைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் பிளேயரில் பெல்ட் என்று ஒன்று இல்லை. ரப்பர் உருகித் தார் மாதிரி தட்டின் உள்விளிம்பில் அப்பிக்கிடந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து அரை மணி நேரம் துடைத்தேன். மோட்டார் புல்லியிலும் ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். புதுப் பெல்ட்டுக்கு அளவு தெரியாவிட்டால் பெல்ட் ஓடும் பாதையைச் சுற்றி ஒரு நூலை இழுத்து அளந்து, அதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் சின்னதாக வாங்குங்கள். தட்டு உட்காரும் நடு அச்சில் பழைய எண்ணெய் பிசினாகியிருந்தால் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். போனால் பரவாயில்லை என்ற ஒரு ரெக்கார்டை வைத்து, ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, முள்ளையும் இறக்கிவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். எல்.பி. வேகத்தில், அதாவது 33⅓-ல், மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். 98 அல்லது 102 என்றால் 2 சதவீதப் பிழை. சுருதி பிடித்த காது அதைக் கண்டுகொள்ளும். டிசி மோட்டார் என்றால் பெரும்பாலும் எங்காவது ஒரு சிறு துளைக்குள் வேகம் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். முடியளவு திருப்பி, மறுபடி எண்ணுங்கள்.

கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடிப்பது

வீடுகளில் இருக்கும் பழைய பிளேயர்களில் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று மேக்னெட்டிக். முள்ளின் மறுமுனையில் ஒரு துளிக் காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். இதிலிருந்து வருவது வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். இன்னொன்று செராமிக். நெளிந்தாலே மின்சாரம் தரும் ஒரு படிகத் துண்டை முள் அசைக்கிறது. இது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். சூட்கேஸ் மாதிரி மூடியும் உள்ளேயே ஸ்பீக்கரும் கொண்ட பழைய பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக்தான். மூவிங் காயில் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தராது, விலையும் அதிகம். வாங்கியவருக்கு அது என்னவென்று தெரிந்தே இருக்கும்.

கார்ட்ரிட்ஜின் மேல் எழுத்து இருந்தால் அதைத் தேடிப் பார்த்தால் போதும். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளேயரின் சிவப்புப் பின்னின் நடுமுனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே தொடுங்கள். பிறகு வெள்ளைப் பின்னிலும் அதையே செய்யுங்கள். சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை காட்டினால் மேக்னெட்டிக். ஒன்றுமே காட்டாமல் திறந்த சுற்று மாதிரி இருந்தால் செராமிக், அல்லது உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஒரு பின் மட்டும் காட்டி மற்றது காட்டாவிட்டால் கம்பிதான். பிளேயருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. முள்ளுக்குப் பக்கத்தில் எல்.பி., 78 (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) என்று திருப்பிப் போடும் குமிழ் இருந்தால் அநேகமாகச் செராமிக் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மேக்னெட்டிக் என்றால் ஃபோனோ பிரீஆம்ப்

ஸ்பீக்கர் எதிர்பார்ப்பது லைன் எனப்படும் அளவு: ஏறக்குறைய 300 மில்லிவோல்ட்டுக்கு மேல். நம் கார்ட்ரிட்ஜ் தருவது நாலு. ஆக நூறு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கினால் மட்டும் போதாது என்பதற்குச் சான்று என் வீட்டில் காணாமல்போன அந்தத் தொப்பி.

ரெக்கார்டு வெட்டும்போது கீழ் ஸ்தாயி ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். மேல் ஒலிகளை அப்படியே வெட்டினால் ரெக்கார்டின் சொந்தச் சரசரப்பில் மூழ்கிவிடும். அதனால் வெட்டும்போதே கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைத் தூக்கி வெட்டுகிறார்கள். 1954-ல் ஆர்ஐஏஏ என்ற அமெரிக்க அமைப்பு இதற்கு ஒரு வரைகோட்டை வகுத்தது, உலகமெங்கும் எல்.பி.க்கு அதுவே வழக்கமாயிற்று. 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் கூடுதல். அதாவது ஒரு கோடியில் பத்தில் ஒரு பங்கு, மறுகோடியில் பத்து மடங்கு. கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்தால்தான் மிருதங்கம் மிருதங்கமாக வரும். பெருக்குவது, வளைவை நேராக்குவது என்ற இரண்டு வேலையையும் ஃபோனோ பிரீஆம்ப் செய்கிறது.

இந்தப் பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம். மூன்று இடங்களில் பாருங்கள். பிளேயரின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் உள்ளேயே பிரீஆம்ப் இருக்கிறது. லைன் பக்கம் தள்ளினால் முடிந்தது. பழைய மெஷின்களில் இது அபூர்வம், ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் போன்ற புதியவற்றில் உண்டு. இரண்டாவது, ஸ்பீக்கர். கிளிப்ஷ் ஆர்-51பிஎம் போன்ற சிலவற்றில் ஃபோனோ உள்ளீடும் எர்த் திருகும் சேர்ந்தே இருக்கின்றன. எடிஃபையர் ஆர்1280டி போன்றவற்றில் இரண்டு ஜோடித் துளைகள் இருந்தாலும் இரண்டுமே லைன்தான், ஏமாந்துவிடாதீர்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருந்து, அதில் ஃபோனோ உள்ளீடு இருந்தால், பிளேயரை அதில் செருகி, அதன் டேப் அவுட் அல்லது ரெக் அவுட்டிலிருந்து பவர்டு ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கலாம். ஸ்பீக்கர் ஓட்டும் பகுதி கெட்டுப்போன ஆம்ப்கூட இந்த வேலைக்கு உதவும்.

எதுவும் இல்லையென்றால்தான் வாங்க வேண்டும். பெஹ்ரிங்கர் பிபி400 உள்ளங்கையில் அடங்கும், விலையும் குறைவு. ஆர்ட் டிஜே பிரீ 2-ல் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், அடியதிர்வை வெட்டும் சுவிட்சும் இருக்கின்றன. புரோஜெக்ட், ரேகா என்று மேலே மேலே போகலாம். என்னைக் கேட்டால், நடுத்தர விலை பவர்டு ஸ்பீக்கருக்குச் சாதாரண பிரீஆம்பே போதும். மிச்சமாகும் பணத்தில் புது முள் வாங்குங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிரீஆம்ப் ஒரே ஒரு முறைதான் நடுவில் வர வேண்டும். பிளேயரில் லைன் சுவிட்ச் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் ஃபோனோ துளையில் செருகினால் குரல் கிழிந்து, பேஸ் இடிக்கும்.

செராமிக் என்றால் வேறு வழி

செராமிக்குக்கு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டாம். அதன் இயல்பிலேயே அந்த வளைவு பெரும்பாலும் சரியாகிவிடுகிறது, சத்தமும் போதிய அளவு வருகிறது. ஆனாலும் நேராக ஸ்பீக்கரில் செருகினால் பேஸ் இல்லாமல் தகரம் மாதிரி ஒலிக்கும். செராமிக் கார்ட்ரிட்ஜ் 10 லட்சம் ஓம் அளவிலான உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். அந்த இடத்தில் கீழ் ஒலி கரைந்துபோகிறது.

இதற்கு நம் ஊர்க் கச்சேரி மேடையிலேயே விடை இருக்கிறது. வீணையிலும் வயலினிலும் ஒட்டும் கான்டாக்ட் மைக் இதே படிகத் தத்துவத்தில் இயங்குவதுதான். அதற்கென்று வரும் பிரீஆம்ப், அல்லது கிட்டாரை மேடை சவுண்டு சிஸ்டத்தில் இணைக்கக் கிட்டார்காரர்கள் வைத்திருக்கும் ஆக்டிவ் டிஐ பாக்ஸ், பெரும்பாலும் 10 லட்சம் ஓம் உள்ளீடு கொண்டது. ஸ்டீரியோவுக்கு இரண்டு சேனல் வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். சால்டரிங் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஒரு ஆப் ஆம்ப் ஐசி வைத்துக் குறைந்த செலவில், கார்ட்ரிட்ஜுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கும் பஃபர் சுற்று ஒன்றைச் செய்து தருவார்.

பழைய மோனோ செராமிக் முள்ளில் ஸ்டீரியோ ரெக்கார்டைப் போடாதீர்கள். அந்த முள் பக்கவாட்டில் மட்டும்தான் அசையும். ஸ்டீரியோ பள்ளத்தில் மேலும் கீழுமாகவும் அசைவு இருக்கிறது. அசையாத முள் அதைச் செதுக்கித் தள்ளிவிடும். 1980-களில் எக்கோ கம்பெனி வெளியிட்ட எல்.பி. ஒன்று உங்களிடம் இருந்தால் அதை இப்படிப் பலிகொடுப்பது பாவம்.

ஒயர் பூட்டுவது

எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பிளேயரிலிருந்து வரும் சிவப்பும் வெள்ளையும் பிரீஆம்பின் உள்ளீட்டுக்கு. சிவப்பு வலது, வெள்ளை இடது. பிரீஆம்பின் வெளியீட்டிலிருந்து இன்னொரு ஜோடி ஒயர், ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் பெட்டிக்கு. மற்றப் பெட்டி அதிலிருந்து வரும் ஒயரில் ஓடும். ஸ்பீக்கரில் ஹெட்போன் பின் துளை மட்டும் இருந்தால் அதற்கான மாற்று ஒயர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும், சென்னை என்றால் ரிச்சி தெருவில், கேட்டவுடன் கிடைக்கும்.

தூரம் தேவைப்பட்டால் பிரீஆம்புக்குப் பின்னால் நீட்டுங்கள், முன்னால் நீட்டாதீர்கள். பிளேயரிலிருந்து பிரீஆம்ப் வரை ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. நாலு மில்லிவோல்ட் ஓடும் ஒயர் நீளமாக இருந்தால் வழியில் இருக்கும் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும்.

சிவப்பு, வெள்ளையோடு மெல்லிய மூன்றாவது ஒயர் ஒன்று தொங்கும், நுனியில் கவட்டை மாதிரி ஒரு தகடு. அதுதான் எர்த் ஒயர். தேவையில்லாதது என்று பலர் சுருட்டி ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பிரீஆம்பின் எர்த் திருகில் கொடுத்து இறுக்குங்கள். சுவர் பிளக்கின் எர்த் துளையில் மட்டும் ஒருபோதும் செருகக் கூடாது. அது உயிர் விஷயம்.

ஐரோப்பியப் பிளேயர்களில் சிவப்பு, வெள்ளைக்குப் பதில் ஐந்து முனை கொண்ட, டின் (DIN) எனப்படும் வட்டமான பிளக் இருக்கும். வெட்டிவிட வேண்டாம், மாற்று அடாப்டர் கிடைக்கிறது. வழக்கமாக 3-ஆம் முனை இடது, 5 வலது, 2 பொது. கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு வண்ணக் கம்பிகள் கழன்றிருந்தால்: வெள்ளை இடது, நீலம் அதன் தரை, சிவப்பு வலது, பச்சை அதன் தரை.

முள்ளும் எடையும்

எத்தனை வருடம் ஓடியது என்று தெரியாத முள்ளை நல்ல ரெக்கார்டில் வைக்காதீர்கள். தேய்ந்த முள் பள்ளத்தின் சுவரைச் சுரண்டும், அது திரும்ப வராது. ஒரு கடையில் மாடலைப் பார்க்காமல் கொடுத்த முள்ளை நான் அப்படியே மாட்டி, நல்ல நாதஸ்வர எல்.பி. ஒன்றின் முதல் பக்கத்தை இழந்திருக்கிறேன். இன்றும் அதைப் போட்டால் தவில் வரும் இடத்தில் கரகரப்பு. மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய கார்ட்ரிட்ஜுக்கு முள்ளே கிடைக்காவிட்டால், கை, அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகால் கார்ட்ரிட்ஜை மாட்டும் பொது வகையாக இருந்தால், கார்ட்ரிட்ஜையே மாற்றுவது நல்லது. ஆடியோ டெக்னிகா விஎம்95இ நான் துணிந்து சொல்லக்கூடியது. 4 மில்லிவோல்ட் தரும், 1.8 முதல் 2.2 கிராம் வரை எடை கேட்கும். புது கார்ட்ரிட்ஜ் மாட்டினால் அதோடு வரும், அல்லது தரவிறக்கக் கிடைக்கும், அளவுத்தாளை வைத்து முள்ளின் கோணத்தையும் சரிபாருங்கள்.

எடை வைப்பது இப்படி. முள்ளின் மூடியைக் கழற்றுங்கள். கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையை அதன் தாங்கியிலிருந்து எடுத்து, தட்டுக்கு வெளியே விரலால் காத்துக்கொண்டு, பின்னால் உள்ள எடையைத் திருகுங்கள். தராசு முள் நிற்பதுபோலக் கை தரைக்கு இணையாக அந்தரத்தில் மிதக்கும் ஒரு கணம் வரும். அங்கே நிறுத்தி, எடையின் முன்னால் உள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அப்புறம் எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி 2-க்குக் கொண்டுவந்தால் 2 கிராம். ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். ரெக்கார்டு தேயாமல் இருக்கட்டுமே என்று எடையைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அது தப்பு, எடை குறைந்த முள் பள்ளத்தில் நிற்காமல் துள்ளித் துள்ளி அதிகமாகவே சேதம் செய்யும்.

எங்கே வைப்பது

ரசமட்டம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள், போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியும் போதும். சாய்வு இருந்தால் காலடியில் அட்டை கொடுங்கள். நம் வீடுகளில் மொசைக்கோ டைல்ஸோ போட்ட கான்கிரீட் தரை என்பதால் நடந்தால் முள் குதிக்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் பெரிய எதிரி. ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே ஷோகேஸில் வைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியே முள்ளுக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, ஊங்காரமாக வளர்ந்துவிடும். பிளேயருக்குக் கனமான தனி மேசை கொடுங்கள். கடப்பைக் கல் பலகை என்றால் இன்னும் நல்லது.

போட்டுப் பார்ப்பது

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து முதலில் பிரீஆம்ப், கடைசியில் ஸ்பீக்கர். ரெக்கார்டு இல்லாமல் வால்யூமைக் கால்வாசி ஏற்றி, மெல்லிய தூரிகையால் முள்ளைப் பின்னிருந்து முன்னாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் சரக் என்று கேட்க வேண்டும். ஒன்றில் மட்டும் கேட்டால் பிளேயரின் இரண்டு பின்னையும் பிரீஆம்பில் இடம் மாற்றுங்கள். சத்தம் இடம் மாறினால் கோளாறு பிளேயர் பக்கம். மாறாவிட்டால் பிரீஆம்பிலோ அதற்குப் பின்னாலோ.

இப்போது ஹம். ஒரு முறை எனக்கு மூன்று நாள் தூக்கம் போனது இதனால்தான். ம்ம்ம் என்று அடிக்குரலில் ஓயாமல் கேட்டால், கையின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் குறைந்தாலோ கூடினாலோ எர்த் ஒயர் சரியில்லை. நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள். தொட்டும் மாறாவிட்டால் பிரீஆம்பைக் கையில் எடுத்து மெல்ல நகர்த்துங்கள். அடாப்டருக்கோ ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மருக்கோ பக்கத்தில் போனால் ஹம் ஏறும், தள்ளிப் போனால் இறங்கும். எனக்கு நடந்தது அதுதான்: பிரீஆம்பை ஸ்பீக்கரின் முதுகிலேயே சாய்த்து வைத்திருந்தேன். இரண்டடி தள்ளியதும் நின்றது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதும் உதவும். ஹம்முக்குப் பதில் கொரகொர என்று கூர்மையான இரைச்சல் என்றால் ஃபேன் ரெகுலேட்டரையும், பக்கத்தில் இருக்கும் போனையும் பாருங்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போது பிளேயரை நிறுத்திவிடுவதே மேல். அந்த இரைச்சலை எந்த எர்த்தும் போக்காது.

பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் கூம்பு காரணமில்லாமல் முன்னும் பின்னுமாகப் பெரிதாக அசைந்தால் ரெக்கார்டு லேசாக வளைந்திருக்கிறது. காதுக்குக் கேட்காத அந்த அசைவைப் பிரீஆம்பில் உள்ள லோ கட் சுவிட்ச் நிறுத்தும்.

தாத்தா காலத்து 78 தட்டுகள் இருந்தால் இந்த முள்ளில் போடாதீர்கள். அவற்றின் பள்ளம் எல்.பி.யைவிட மிக அகலம், எல்.பி. முள் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) எனப்படும் தடித்த முள் வேண்டும், பிளேயரிலும் 78 வேகம் இருக்க வேண்டும். விஎம்95 வரிசையில் எஸ்பி என்ற முள்ளை அதே கார்ட்ரிட்ஜில் மாற்றிப் போடலாம், எடையை மட்டும் 5 கிராமுக்கு ஏற்றுங்கள். நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் 78 தட்டு ஒன்றைச் சரியான முள்ளில் கேட்டபோது, சீவாளியில் மூச்சு உரசும் ஓசைகூட அதில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஸ்பீக்கர், பிறகு பிரீஆம்ப், முள்ளுக்கு மூடி, கைக்குக் கொக்கி. நாளைக்கும் கேட்கப்போகிறீர்கள் என்றாலும் ரெக்கார்டைப் பிளேயரின் மேலேயே விட்டுவிடாமல் உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.